வெளிநாட்டு ரியல் எஸ்டேட் கம்பெனி, ரீட், பிளாட்டு: கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கிருஷ்ணகிரில ரெஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்துல பத்திரம் எழுதற கடை வச்சிருக்கேன், 14 வருஷமாச்சு. கொஞ்ச நாளா கிரயம், பாகப்பிரிவினைன்னு வர்றவங்க கூட கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரயோ போனயோ எடுத்து நீட்டி "இந்த ஃபாரின் கம்பெனி நெஜமா"ன்னு கேக்கறாங்க. பர்கூர், சூளகிரி, பாலக்கோடு, காரிமங்கலம்னு எல்லா பக்கத்துலேந்தும் இதே கேள்விதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத விட ஒரே எடத்துல எழுதி வச்சா படிச்சுட்டு வரலாமேன்னு இத எழுதறேன். கேள்வியெல்லாம் அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

அண்ணா, குளோபல் ரியல் எஸ்டேட் கம்பெனின்னா நம்ம ஊர்ல பிளாட்டு போட்டு விக்கிறவங்க மாதிரிதானா, கொஞ்சம் பெருசு அவ்ளோதானா?

இல்லீங்க, வேலையே வேற. நம்ம ஊர்ல ஒருத்தர் நாலு ஏக்கர் வாங்குவாரு, ரோடு போடுவாரு, கல்லு நடுவாரு, சென்ட் கணக்குல வித்துட்டு அடுத்த எடத்துக்குப் போயிடுவாரு. அந்த பெரிய கம்பெனிங்க மூணு வேலையையும் சேர்த்து செய்வாங்க: கட்டடம் கட்றது, கட்டினத வருஷக்கணக்குல வச்சு வாடகைக்கு விட்டு பாத்துக்கறது, அப்புறம் மத்தவங்க பணத்த வாங்கி அதுல முதலீடு பண்றது. ஆபீஸ் டவர், மால், குடோன், அப்பார்ட்மெண்ட், ஹாஸ்டல் எல்லாம் அதுல வரும். தனி ஆளுக்கு மூணு சென்ட் மனை விக்கிறது அவங்க தொழிலே கெடையாது.

உதாரணத்துக்கு ஹைன்ஸ்னு ஒரு கம்பெனி, 1957ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல ஜெரால்டு ஹைன்ஸ்ங்கற ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆரம்பிச்சது. 1970ல அவர் அங்க கேலரியான்னு ஒரு மால் தெறந்தாரு, அந்த சூடான ஊர்ல மாலுக்குள்ள ஐஸ்ல சறுக்கற தளம் வச்சாரு, ஜனங்க அதப் பாக்கவே வந்தாங்க. அவர் 2020ல எறந்துட்டாரு, கம்பெனி இன்னிக்கும் குடும்பத்து கையிலதான் இருக்கு. டிஷ்மன் ஸ்பையர்னு இன்னொன்னு, 1978ல நியூயார்க்ல ஆரம்பிச்சது, ராக்பெல்லர் சென்டர் அவங்க கையில இருக்கறதுதான். பிளாக்ஸ்டோன் 1985ல நியூயார்க்ல ஆரம்பிச்சது, அது முதலீட்டு கம்பெனி, ரியல் எஸ்டேட் அதுல ஒரு பெரிய பகுதி. புரூக்ஃபீல்டு கனடா.

இவ்ளோ பெரிய கட்டடம் கட்ட காசு எங்கிருந்து சார் வருது, எல்லாம் அவங்க சொந்தப் பணமா?

பெரும்பகுதி அவங்க பணம் இல்ல. ரிட்டயர் ஆன டீச்சர், போலீஸ், அரசு ஊழியருக்கு பென்ஷன் குடுக்கற ஃபண்டுங்க, இன்சூரன்ஸ் கம்பெனிங்க, சிங்கப்பூர் அரசோட ஜிஐசி, கனடா பென்ஷன் ஃபண்டு மாதிரி எடங்கள்லேந்து வருது. அதோட பேங்க் கடன் சேரும். நம்ம பக்கம் வாரத்துக்கு விடறது தெரியும்ல, நெலம் ஒருத்தருது, பாடு ஒருத்தருது, வெளஞ்சத பிரிச்சுக்கறது. இங்க பணம் ஒருத்தருது, பாடு கம்பெனியுது, அவ்ளோதான் வித்தியாசம்.

பாத்துக்கறதுக்கு வருஷா வருஷம் வழக்கமா ஒன்றரை ரெண்டு சதவீதம் கூலி எடுத்துக்குவாங்க. அப்புறம் ஒரு அளவுக்கு மேல லாபம் வந்தா அந்த மேல்மிச்சத்துல ஒரு அஞ்சுல ஒரு பங்கு அவங்களுக்கு. அந்த "ஒரு அளவு" பெரும்பாலும் வருஷத்துக்கு 8 சதவீதம் மாதிரி இருக்கும். இந்த 8ங்கற நம்பர ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ ஒரு எடத்துல தேவப்படும்.

அவங்க லாபம் வாடகையிலயா, வித்தா வர்றதுலயா?

ரெண்டும்தான், ஆனா விக்கிற வெலையே வாடகைய வச்சுத்தான் நிக்குது. ஒரு ஆபீஸ் கட்டடத்துல செலவு போக வருஷம் 8 கோடி வாடகை வருதுன்னு வைங்க. வாங்கறவரு "எனக்கு 8 சதவீதம் வந்தா போதும்"னா அந்தக் கட்டடம் 100 கோடி. பேங்க் வட்டி ஏறிப் போயி "10 சதவீதமாவது வேணும்"னா அதே கட்டடம், அதே வாடகை, 80 கோடிதான். ஒரு செங்கல் கூட கழலல, 20 கோடி போயிடுச்சு. 2022லேந்து அமெரிக்காவுல வட்டி ஏறினப்போ ஆபீஸ் கட்டடங்க வெல எறங்கினதுக்கு இது ஒரு காரணம், வீட்லேந்து வேல பாக்கறது வந்து ஆபீஸ் காலியா கெடந்தது இன்னொரு காரணம்.

அதனால அவங்க நெலத்தப் பாக்கும்போது "நாளைக்கு வெல ஏறுமா"ன்னு மட்டும் பாக்க மாட்டாங்க, யாரு வாடகைக்கு வருவாங்க, எத்தன வருஷத்துக்கு அக்ரிமெண்ட் போடுவாங்க, காலியானா என்னன்னுதான் மொதல்ல பாப்பாங்க. நம்ம ஊர்ல பிளாட்டு வாங்கறவங்ககிட்ட "மாசம் என்ன வரும்"னு கேட்டா பாதிப் பேருக்கு பதிலே இல்ல. வெல ஏறும்ங்கற ஒரே நம்பிக்கைலதான் வாங்கறாங்க, எனக்கு அதுல கவலதான்.

இவங்கெல்லாம் இந்தியாவுல நெஜமா இருக்காங்களா, இல்ல சும்மா பேரு மட்டும்தானா?

இருக்காங்க. ஐதராபாத்ல வேவ்ராக்ங்கற ஐடி கட்டடம் டிஷ்மன் ஸ்பையர் கட்டினது. குர்கான்ல ஒன் ஹொரைசன் சென்டர் டிஎல்எஃப்பும் ஹைன்ஸும் சேர்ந்து பண்ணது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டுல இருக்கற ஐடிபிஎல், சென்னை தரமணில இருக்கற இன்டர்நேஷனல் டெக் பார்க், ரெண்டுக்கும் பின்னாடி சிங்கப்பூர் கம்பெனி இருக்கு. வடபழனி விஜயா மால் இன்னிக்கு நெக்ஸஸ்ங்கற பேர்ல இருக்கே, அது பிளாக்ஸ்டோன் சேர்த்து உருவாக்கின மால் கூட்டத்துல ஒண்ணு.

நம்ம ஓசூர், ராயக்கோட்டை பசங்க எத்தன பேரு மான்யதா டெக் பார்க்ல வேல பாக்கறாங்க, அது இருக்கற ரீட்ட (வாடகைக் கட்டடங்கள யூனிட்டா பிரிச்சு விக்கிற டிரஸ்ட்டு, கீழ சொல்றேன்) எம்பசியும் பிளாக்ஸ்டோனும் சேர்ந்துதான் கொண்டு வந்தாங்க, பிளாக்ஸ்டோன் 2023 கடைசில மிச்சமிருந்த பங்கையும் வித்துட்டு வெளிய போயிடுச்சு. அதாவது வருவாங்க, வளப்பாங்க, வித்துட்டுப் போவாங்க. அதுல தப்பு ஒண்ணுமில்ல, அவங்க தொழில் அது. ஆனா "ஃபாரின் கம்பெனி வந்துடுச்சு, இனிமே காலத்துக்கும் இங்கதான்"னு யாராவது சொன்னா அத நம்பி வெல குடுக்காதீங்க.

எங்க மாந்தோப்பு ஆறு ஏக்கர் இருக்கு, அமெரிக்கா கம்பெனி வாங்கிக்கறேன்னு புரோக்கர் சொல்றாரு, வாங்க முடியுமா?

நேரா முடியாதுங்க. வெளிநாட்ல இருக்கற ஆளோ கம்பெனியோ இங்க விவசாய நெலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கறதுக்கு ஃபெமாங்கற அந்நியச் செலாவணி சட்டத்துல எடமில்ல. நெலத்த வாங்கிப் போட்டு வெல ஏறினதும் விக்கிற வியாபாரத்துக்கு அந்நிய முதலீடே தடை. கட்டி மேம்படுத்தறதுக்கு, அதாவது டவுன்ஷிப், ஆபீஸ், வீடு, தொழிற்பூங்கா மாதிரிக்குத்தான் 2005லேந்து 100 சதவீதம் வரைக்கும் அனுமதி இருக்கு. மனையா விக்கணும்னா கூட ரோடு, தண்ணி, தெருவிளக்கு, கால்வாய் எல்லாம் போட்டு முடிச்ச மனையாத்தான் விக்க முடியும். அதையும் இங்க பதிவு பண்ண ஒரு இந்தியக் கம்பெனி மூலமாத்தான் செய்வாங்க.

இன்னொண்ணு, துபாய்ல சிங்கப்பூர்ல இருக்கற நம்ம பசங்களும் இதே கேள்விய கேக்கறாங்க. என்ஆர்ஐ ஆனவரு வீடு, மனை, கடை வாங்கலாம், விவசாய நெலம் வாங்க முடியாது. ஆனா அப்பா சொத்து வாரிசா வந்தா வச்சுக்கலாம், அதுல தடை இல்ல. தம்பி பேர்ல வாங்கி வைக்கிறேன், அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டு அப்புறம் அண்ணன் தம்பி கோர்ட்ல நிக்கறத நான் பாத்திருக்கேன், வேணாம்.

சிப்காட்டுக்கு பக்கத்துல இருக்கோம், கம்பெனிக்காக நெலத்த புடுங்கிக்குவாங்களா?

தனியார் கம்பெனி, அது உள்ளூரோ வெளிநாடோ, உங்கள விக்கச் சொல்லி கட்டாயப்படுத்த முடியாது. அரசு எடுக்கணும்னா 1997ம் வருஷத்து தொழில் நில எடுப்புச் சட்டப்படி நோட்டீஸ் குடுத்து, ஆட்சேபணை கேட்டு, எழப்பீடு குடுத்துத்தான் எடுக்க முடியும். எடுத்தத சிப்காட் கம்பெனிங்களுக்கு நீண்ட கால குத்தகைக்குத்தான் விடுது. "நோட்டீஸ் வரப்போகுது, அதுக்குள்ள எங்ககிட்ட கம்மி வெலைக்கு குடுத்துடுங்க"ன்னு யாராவது வந்தா மொதல்ல தாலுகா ஆபீஸ்ல, சிப்காட் நெல எடுப்பு தாசில்தார்கிட்ட உங்க சர்வே நம்பர சொல்லிக் கேளுங்க. ஒரு நாள் அலைச்சல், ஆனா தெளிவாயிடும்.

புக்லெட்ல பெரிய ஃபாரின் கம்பெனி பேரு, லோகோ, டவர் போட்டோ எல்லாம் இருக்கே, அப்புறம் ஏன் நம்பக்கூடாது?

இந்தக் கேள்விக்காகத்தான் மொத்தத்தையும் எழுத உக்காந்தேன். எங்க அத்தைக்கு நடந்தத சொல்றேன். காவேரிப்பட்டணம் பக்கம், பால் ஊத்தி, சீட்டு கட்டி சேர்த்த 2 லட்ச ரூபா. ஏசி வேன் வச்சு கூட்டிட்டுப் போயி, சாப்பாடு போட்டு, கண்ணாடி டவர் படம் போட்ட புக்லெட்ட கையில குடுத்து "உலகம் பூரா இருக்கற கம்பெனிம்மா"ன்னு சொல்லியிருக்காங்க. அத்தை எங்கிட்ட வந்தப்போ பணம் கட்டி எட்டு மாசம் ஆயிருந்தது. ரசீத வாங்கிப் பாத்தேன், புக்லெட்ல இருந்த பேரு ரசீதுல இல்ல, ஏதோ மார்க்கெட்டிங்னு ஒரு பேரு, முகவரி ஒரு மாடி ரூம். சர்வே நம்பர போட்டுப் பாத்தா பாதி எடம் ஓடைப் புறம்போக்கு. கடைசி வரைக்கும் 60 ஆயிரம்தான் திரும்ப வந்துச்சு. அத்தை அதுக்கப்புறம் அந்த ரோட்டு வழியா பஸ்ல கூட போறதில்ல.

அதனால நான் எல்லார்கிட்டயும் கேக்கறது ஒரே கேள்வி: பத்திரத்துல எழுதிக் குடுக்கறவர் யாரு? புக்லெட்ல யாரு, போர்டுல யாரு, வேன்ல யாருங்கறதெல்லாம் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல எடுபடாது. உங்க ரசீது, உங்க அக்ரிமெண்ட், ஈசில, அதாவது வில்லங்கச் சான்றுல வர்ற ஓனர் பேரு, பட்டால வர்ற பேரு, இந்த நாலும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டணும். ஒட்டலன்னா ஏன் ஒட்டலங்கறதுக்கு பதிவு பண்ண ஒரு பேப்பர் இருக்கணும், வாய்ச்சொல் போதாது.

ஆனா பெரிய கம்பெனிங்களே ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் வேற வேற பேர்ல கம்பெனி வைப்பாங்களாமே, அப்ப பேரு மாறினா போலின்னு எப்படி சொல்றது?

நல்ல கேள்வி, காலேஜ் படிக்கற ஒரு பொண்ணு அவங்க அப்பா கூட வந்தப்போ கேட்டது. உண்மதான். ஒரு ப்ராஜெக்ட்ல கடன் மூழ்கினா இன்னொண்ண இழுக்கக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் தனிக் கம்பெனி வைப்பாங்க, எஸ்பிவின்னு சொல்லுவாங்க. அதனால நெஜமான கம்பெனியோட ப்ராஜெக்ட்லயும் பத்திரத்துல வேற பேருதான் இருக்கும்.

வித்தியாசம் என்னன்னா நெஜமானதுல அந்த சங்கிலிய கண்ணால பாக்கலாம். கம்பெனி பதிவு இருக்கற எம்சிஏ தளத்துல பேரு போட்டா எப்ப ஆரம்பிச்சது, டைரக்டர் யாருன்னு வரும். ரெராங்கற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தோட பக்கத்துல ப்ரமோட்டர் பேரு அதே பேரா இருக்கும். பெரிய கம்பெனியோட சொந்த வெப்சைட்ல அந்த ப்ராஜெக்ட் இருக்கும். மூணுல எதுலயும் இல்லாம "இது ரகசியமா பண்றாங்க, வெளிய தெரிஞ்சா நெல வெல ஏறிடும்"னு சொன்னா அந்த எடத்துலயே எழுந்து வந்துடுங்க. நெலம் வாங்கும்போது பெரிய கம்பெனிங்க ரகசியமா வாங்குவாங்கதான், உங்ககிட்ட விக்கும்போது ரகசியத்துக்கு என்ன வேல?

ரெரா நம்பர் இருக்குன்னா கண்ண மூடிட்டு வாங்கலாமா?

ரெரா நல்ல சட்டம், 2016ல வந்தது, 2017 மே மாசத்துலேந்து முழுசா நடைமுறைல இருக்கு. 500 சதுர மீட்டருக்கு மேலயோ 8 வீட்டுக்கு மேலயோ இருந்தா பதிவு பண்ணாம விக்கவோ விளம்பரம் பண்ணவோ கூடாது. வாங்கறவங்ககிட்ட வசூல் பண்றதுல 70 சதவீதத்த தனி அக்கவுண்ட்ல வச்சு அந்த ப்ராஜெக்ட்டுக்கு மட்டும்தான் செலவு பண்ணணும். பதிவு பண்ண அக்ரிமெண்ட் போடறதுக்கு முன்னாடி மொத்த வெலைல 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது. எங்க அத்தைகிட்ட மொத்தப் பணத்தையும் வெறும் ரசீதுல வாங்கினது அங்கயே தப்பு.

ஆனா ரெரா நம்பர் இருந்தா டைட்டில், அதாவது சொத்துரிமை சுத்தம்னு அர்த்தமில்ல. டைட்டில் சரியா இருக்குன்னு ப்ரமோட்டர் எழுதிக் குடுப்பாரு, ஆனா உங்களுக்காக தாய்ப் பத்திரத்தப் படிச்சுப் பாக்க வேண்டியது நீங்களும் உங்க வக்கீலும்தான். நம்பரும் உங்க பிளாட்டு நம்பர் வரைக்கும் ஒத்துப் போகுதான்னு பாக்கணும், முதல் கட்டத்துக்கு வாங்கின நம்பர ரெண்டாவது கட்ட போர்டுல ஒட்டறவங்க இருக்காங்க.

டிடிசிபி அப்ரூவல் இல்லாத எடம் சீப்பா வருது, அப்புறமா ரெகுலர் பண்ணிக்கலாம்ல?

முடியாதுன்னு நெனச்சுக்கோங்க. டிடிசிபின்னா லேஅவுட்டுக்கு அனுமதி குடுக்கற நகர் ஊரமைப்புத் துறை. 2016 செப்டம்பர்ல சென்னை ஐகோர்ட்டு போட்ட உத்தரவுக்கப்புறம் அனுமதி இல்லாத மனைப் பதிவு நின்னுச்சு. 2017ல வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட லேஅவுட்டுக்குத்தான். இப்ப புதுசா போட்டதுக்கு அது பொருந்தாது. "பஞ்சாயத்து அப்ரூவ்டு"ன்னு சொன்னாலும் அது லேஅவுட் அனுமதி ஆகாது.

அனுமதி உண்மையான்னு பாக்க ஒரு வழி சொல்றேன், எங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு தெரியும். லேஅவுட்ல ரோடும் பூங்கா எடமும் உள்ளாட்சிக்கு தான பத்திரமா எழுதிக் குடுத்திருக்கணும். அந்த தான பத்திர நம்பர கேளுங்க, ஈசில பாருங்க. இல்லன்னா உங்க வீட்டு முன்னாடி ரோடு இன்னும் யாரோ ஒருத்தர் பேர்லதான் இருக்கு. அப்படியே பஞ்சமி நெலமா, கோயில் நெலமா, நீர்நிலையான்னு கிராமத்து நெலப் பதிவேடான ஏ ரெஜிஸ்டர்ல பாத்துடுங்க, தர்மபுரி பக்கத்துலயும் இங்கயும் இந்தச் சிக்கல் நெறய வருது.

ஓசூர் ஏர்போர்ட், எக்ஸ்பிரஸ்வே எல்லாம் வருதுன்னு சொல்லி வெல ஏத்தறாங்களே, அது உண்மையா?

ஏர்போர்ட்டுக்கு அரசு அறிவிப்பு இருக்கு. 2024 ஜூன்ல சட்டசபைல முதல்வர் 2000 ஏக்கர்ல, வருஷம் 3 கோடி பயணிகளுக்குன்னு அறிவிச்சாரு. ஆனா பெங்களூர் ஏர்போர்ட் ஒப்பந்தத்துல 150 கிலோமீட்டருக்குள்ள வேற ஏர்போர்ட் 2033 வரைக்கும் கூடாதுன்னு ஒரு ஷரத்து இருக்கு, ஓசூர் அதுக்குள்ளதான் வருது. அதனால அறிவிப்பு வேற, விமானம் எறங்கறது வேற.

பெங்களூர் சென்னை எக்ஸ்பிரஸ்வே விஷயத்துல நெறய பேரு ஏமாறறாங்க. அது ஹோஸ்கோட்டைல ஆரம்பிச்சு மாலூர், கோலார் தங்கவயல் பக்கம், ஆந்திராவுல பலமநேர், சித்தூர், அப்புறம் ராணிப்பேட்டை வழியா ஸ்ரீபெரும்புதூர் போகுது, 262 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியயும் ஓசூரயும் தொடவே இல்ல. நம்ம ஊரு வழியா போறது பழைய ஹைவேதான். மேப்ப போன்ல போட்டுக் காட்டச் சொல்லுங்க, பேச்சு நின்னுடும்.

என்கிட்ட 10 ஆயிரம் தான் இருக்கு, அந்த பெரிய கட்டடங்கள்ல நேர்மையா பங்கு வாங்க வழி இருக்கா?

இருக்கு, ரீட்னு பேரு. வாடகை வர்ற கட்டடங்கள ஒரு டிரஸ்டுல போட்டு, அத சின்னச் சின்ன யூனிட்டா பிரிச்சு ஷேர் மார்க்கெட்ல விக்கிறது. அமெரிக்காவுல 1960லேந்து இருக்கு, நம்ம நாட்டுல ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கற செபி 2014ல விதி போட்டது, முதல் ரீட் எம்பசி 2019 ஏப்ரல்ல வந்தது. அப்புறம் மைண்ட்ஸ்பேஸ் 2020, புரூக்ஃபீல்டு 2021, நெக்ஸஸ் 2023, நாலெட்ஜ் ரியால்டி 2025. ஆரம்பத்துல குறைஞ்சது 2 லட்சம் வேணும்னு இருந்தது, 2021ல எறக்கிட்டாங்க, இப்ப டீமேட் அக்கவுண்ட் இருந்தா ஒரு யூனிட் கூட வாங்கலாம்.

இதுல எனக்குப் புடிச்சது விதிதான். மதிப்புல 80 சதவீதமாவது கட்டி முடிஞ்சு வாடகை வர்ற சொத்தா இருக்கணும், பிரிச்சுக் குடுக்கக் கூடிய பணத்துல 90 சதவீதத்த ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது குடுத்தே ஆகணும், கடன் சொத்து மதிப்புல 49 சதவீதத்த தாண்டக் கூடாது. மேல சொன்ன "காசு எங்கிருந்து வருது" கேள்வில பென்ஷன் ஃபண்டு நிக்கற எடத்துல இங்க நீங்க நிக்கறீங்க.

2024லேந்து சின்ன ரீட்னு ஒண்ணும் வந்திருக்கு, 50 கோடிலேந்து 500 கோடிக்குள்ள இருக்கற சொத்துக்கு. அதுக்கு குறைஞ்சது 10 லட்சம் வேணும், அதனால நம்ம ஆளுங்களுக்கு அவசரப்பட வேண்டியதில்ல.

ரீட்ல போட்டா நஷ்டமே வராதா?

வரும். வாடகைய வச்சு வெல எப்படி மாறும்னு மூணாவது பதில்ல சொன்னேன்ல, அதேதான் இங்கயும். புரூக்ஃபீல்டு ரீட் 275 ரூபாய்க்கு வந்தது, 2023ல அதுக்கும் கீழ எறங்கிச்சு. பொண்ணு கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் வேணும்ங்கற பணத்த இதுல போடாதீங்க. நிதானமா அஞ்சாறு வருஷம் வச்சுக்க முடிஞ்சா யோசிக்கலாம். 12 மாசத்துக்கு மேல வச்சு வித்து லாபம் வந்தா வருஷத்துக்கு ஒன்னே கால் லட்சத்துக்கு மேல இருக்கற லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி, நடுவுல வர்ற பணத்துக்கு தனிக் கணக்கு, அத ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

போன்ல ஒரு ஆப் இருக்கு, அமெரிக்கா கம்பெனி பேருதான், கட்டடத்துல பணம் போட்டா மாசம் 3 பர்சென்ட் தர்றாங்க, எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்துச்சு

மாசம் 3னா வருஷம் 36. உலகத்துலயே பெரிய கம்பெனிங்க 8 சதவீதம் தாண்டினாத்தான் லாபப் பங்கே எடுக்கறாங்கன்னு ரெண்டாவது பதில்ல சொன்னேன். அப்ப 36 எந்தக் கட்டடத்துலேந்து வரும்? அடுத்த ஆளு போடற பணத்துலேந்துதான் வரும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ரெண்டு மாசம் வந்தது உங்கள இழுக்கறதுக்கு. அந்த நெஜமான கம்பெனிக்கும் அந்த ஆப்புக்கும் எந்த சம்பந்தமும் இருக்காது, பேரையும் லோகோவையும் எடுத்து ஒட்டிக்கறாங்க. பெரிய கம்பெனி எதுவும் வாட்ஸ்ஆப்லயோ டெலிகிராம்லயோ உங்ககிட்ட ஜிபே பண்ணச் சொல்லாது.

நெலத்த காட்டி பணம் வாங்கறது நம்ம நாட்டுக்குப் புதுசும் இல்ல. பிஏசிஎல்ங்கற கம்பெனி விவசாய நெலம் தர்றோம்னு சொல்லி 5 கோடிக்கு மேற்பட்ட ஜனங்ககிட்ட சுமார் 49,000 கோடி வாங்கினது, 2014ல செபி பணத்தத் திருப்பிக் குடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, 2016ல சுப்ரீம் கோர்ட்டு லோதா கமிட்டி போட்டு நெலத்த வித்து குடுக்கச் சொன்னுச்சு. அதுக்கப்புறமும் வருஷக்கணக்குல ஜனங்க பழைய ரசீத தூக்கிட்டு அலஞ்சாங்க.

பெரிய கம்பெனிதான, திவாலாக மாட்டாங்கன்னு சொல்றாங்களே?

ஆவாங்க, கம்பெனி தப்பிச்சாலும் அதுல போட்ட பணம் போகலாம். டிஷ்மன் ஸ்பையரும் பிளாக்ராக்கும் சேர்ந்து 2006ல நியூயார்க்ல ஸ்டைவெசன்ட் டவுன்னு 11 ஆயிரம் வீடு இருக்கற குடியிருப்ப 540 கோடி டாலருக்கு வாங்கினாங்க, பெரும்பகுதி கடன். கம்மி வாடகை வீடுகள அதிக வாடகைக்கு மாத்தலாம்னு கணக்கு, கோர்ட்டு அதுக்கு ஒத்துக்கல, நடுவுல 2008 நெருக்கடியும் வந்துச்சு, 2010 ஜனவரில கடன் குடுத்தவங்ககிட்டயே சாவிய ஒப்படைச்சாங்க. அதுல கலிபோர்னியா அரசு ஊழியர் பென்ஷன் ஃபண்டு மட்டும் 50 கோடி டாலர் எழந்துச்சு. டிஷ்மன் ஸ்பையர் கம்பெனி இன்னிக்கும் இருக்கு, பணம் போட்டவங்களுக்குத்தான் போச்சு. எஸ்பிவி பத்தி சொன்னேன்ல, அது யாரக் காப்பாத்தும்னு இதுல தெரியும். சீனாவுல எவர்கிராண்ட் 30,000 கோடி டாலருக்கு மேல கடன் வச்சு 2021ல கட்ட முடியாம நின்னுச்சு, 2024 ஜனவரில ஹாங்காங் கோர்ட்டு கலைக்கச் சொல்லிடுச்சு. பணம் கட்டிட்டு வீடு வராம நின்ன குடும்பங்க ஏராளம்.

நெலத்த விக்க வேணாம், ஜாயின்ட்டா டெவலப் பண்ணலாம், ஒரு பவர் மட்டும் எழுதிக் குடுங்கன்னு கேக்கறாங்க, குடுக்கலாமா?

"பவர் மட்டும்"ங்கற வார்த்தைய கேட்டாலே எனக்கு வயித்தக் கலக்கும். ஜாயின்ட் டெவலப்மென்ட் தப்பில்ல, நெலம் உங்களுது, கட்றது அவங்க, வர்ற மனையயோ வீட்டயோ பிரிச்சுக்கறது. நெஜமான பெரிய கம்பெனிங்களும் பண்றதுதான். ஆனா ஒப்பந்தம் இல்லாம வெறும் பொது அதிகாரப் பத்திரத்துல விக்கிற அதிகாரத்தையும் சேர்த்து குடுத்தா, நாளைக்கு அவர் யாருக்கு வித்தாலும் நீங்க வித்த மாதிரிதான். பவர மட்டும் வச்சு ஓனர் ஆக முடியாதுன்னு 2011ல சுப்ரீம் கோர்ட்டு தெளிவா சொல்லியிருக்கு, ஆனா பவர வச்சு அடுத்தவருக்கு கிரயம் எழுதிக் குடுக்க முடியும், அதுதான் ஆபத்து.

மொதல்ல ஜாயின்ட் ஒப்பந்தத்த பதிவு பண்ணுங்க. அதுல உங்க பங்கு எந்த மனை, எந்த வீடுன்னு வரைபடத்துல கலர் போட்டு இணைச்சிருக்கணும், சதவீதம் மட்டும் எழுதினா போதாது. எத்தன மாசத்துல முடிக்கணும், முடிக்கலன்னா என்ன, நெலத்த அடமானம் வைக்கலாமா கூடாதா, எல்லாம் வரணும். பவர அவங்க பங்குக்கு மட்டும், இத்தன வேல முடிஞ்சா இத்தன மனைக்குன்னு படிப்படியா குடுங்க. ஒப்பந்தம் போடற கம்பெனியும் பவர் வாங்கற ஆளும் ஒண்ணா இருக்கணும், மேலாளர் பேர்ல தனியா கேட்டா குடுக்காதீங்க. காசோலையா குடுக்கற பணத்துக்கு 10 சதவீதம் டிடிஎஸ் புடிப்பாங்க, அது முறைதான், பயப்பட வேணாம். ஆனா நெலம் நகராட்சி எல்லைக்குப் பக்கமா தூரமாங்கறத பொறுத்து வரியே மாறும், அதனால கையெழுத்துக்கு முன்னாடி ஆடிட்டர பாருங்க.

போன மாசம் ஒரு பெரியப்பா வந்தாரு, மூணு ஏக்கர், மகன் கூட இல்ல, தனியா. பவர் டைப் பண்ணச் சொன்னாரு. நான் டைப் பண்ணல, மகன கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். எனக்கு அன்னிக்கு வர வேண்டிய கூலி போச்சு, பரவால்ல.

ஏற்கனவே பணம் கட்டிட்டேன், இப்ப என்ன பண்றது?

போன்ல, ஆப்ல போன பணம்னா இந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க, எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ பணம் முடக்க முடியும். ரெரா பதிவு இருக்கற, இல்ல பதிவு பண்ணியிருக்க வேண்டிய ப்ராஜெக்ட்னா தமிழ்நாடு ரெராவுல புகார் குடுக்கலாம், சொன்ன தேதிக்கு ஒப்படைக்கலன்னா வட்டியோட திருப்பிக் கேக்க 18வது பிரிவுல உரிமை இருக்கு. அதிக வட்டி தர்றோம்னு டெபாசிட் வாங்கினதுன்னா பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ், அதுக்கு 1997ம் வருஷத்து தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் 2019ம் வருஷத்து மத்திய சட்டமும் இருக்கு.

"கேஸ் போட்டா பணம் வராது, கொஞ்சம் பொறுங்க"ன்னு அவங்க ஆளே வந்து சொல்லுவாங்க. எங்க அத்தை எட்டு மாசம் பொறுத்தது அதனாலதான். ஒரிஜினல் ரசீத எவர்கிட்டயும் "புதுசா மாத்தித் தர்றோம்"னு குடுத்துடாதீங்க. ரசீது, பேங்க் பாஸ்புக், வாட்ஸ்ஆப் பேச்சு, புக்லெட் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க. மனு எழுதணும்னா கடைக்கு வாங்க, காலைல பத்து மணிக்கு முன்னாடி வந்தா கூட்டம் இருக்காது, மனுவுக்கு நான் காசு வாங்கறதில்ல.